கட்சிகளும் பொதுப்பணமும்: நடுவுநிலை பற்றிய ஓர் ஆய்வு

சேலம் நாமக்கல் சமவெளியில், இராசிபுரத்திற்கு அணித்தாய் அமைந்த வெண்ணந்தூர் தறித்தொழிலால் வாழும் பேரூராகும். பழைய சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1997இல் நாமக்கல் மாவட்டம் அமைந்தபோது அதன்பாற் சேர்ந்தது. இங்குத் தறி நெய்வாரும் நூல் வணிகரும் தேர்தல் நாளில் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கொரு வாக்கே அளிக்கின்றனர். வாக்கில் நிலவும் இச்சமன்மை, கட்சிகளுக்குப் பொதுக் கருவூலத்தினின்றும் செல்லும் உதவியிலும் நிலவுகின்றதா? பல நிலப்பகுதிகளிற் பரந்த கட்சிக்கும் ஒரு நிலப்பகுதியில் மட்டும் வேரூன்றிய கட்சிக்கும் அவ்வுதவியை எவ்வளவுகோலால் பங்கிடுதல் முறை? இவ்வினாக்களின் வரலாற்றை யாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

நாட்டெல்லை கடந்த கட்சிகளுக்குப் பொதுப்பணம் வழங்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியத்தில் தெளிவாகக் காணலாம். 2003இல் வகுக்கப்பெற்ற ஒழுங்குமுறையின்படி, உறுப்பு நாடுகளுள் நான்கில் ஒரு பங்கிலேனும் மன்ற உறுப்பினர்களை உடைய கட்சி, அல்லது அந்நாடுகள் ஒவ்வொன்றிலும் 3 விழுக்காட்டு வாக்கேனும் பெற்ற கட்சி, ஐரோப்பியக் கட்சி எனக் கருதப்பட்டது. ஒதுக்கிய நிதியில் 15 விழுக்காடு சமமாகவும், 85 விழுக்காடு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பெற்ற இடங்களுக்கு ஏற்பவும் பங்கிடப்பெற்றன. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சமப்பங்கை 10 விழுக்காடாகக் குறைத்தது. மக்கள் ஆதரவுக்கு ஏற்பப் பணம் செல்ல வேண்டும் என்பது அதற்குக் கூறிய காரணம். ஆயினும் இடம் வேறு, வாக்கு வேறு. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய செருமனிக்கு 96 இடங்கள். ஏறத்தாழ ஐந்தரை இலக்கம் மக்களையுடைய மால்டாவுக்கு 6 இடங்கள். ஆகவே இடத்தை அளவுகோலாகக் கொள்ளின் ஒரு நாட்டு வாக்குக்கு மற்றொரு நாட்டு வாக்கினும் மிகுந்த பணம் கிடைக்கும். விதியை வகுப்பவர் அவ்விடங்களில் ஏற்கெனவே அமர்ந்திருப்போரே என்பதும் கருதத்தக்கது.

நம் நாட்டின் கட்சிகள் எல்லை கடந்தவை அல்ல. வெளிநாட்டார் நன்கொடை பெறுதலும் அவற்றிற்குச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. எனினும், பல மாநிலங்களை ஒன்றாகக் கொண்ட இந்நாட்டிலும் அவ்வினாவே வேறு வடிவில் எழுந்தது. அரசு கட்சிகளுக்கு முதலில் அளித்த கொடை பணமன்று, சின்னமேயாம். 1951-52ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலின்போது 14 கட்சிகள் தேசியக் கட்சிகளாக ஏற்கப்பட்டன. தேர்தலுக்குப்பின் அவற்றுள் நான்கே அந்நிலையில் எஞ்சின. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் 1957இல் முதன்முறையாகத் தேர்தலில் நின்றபோது, ஏற்புப் பெறாமையால் அதன் வேட்பாளர் சுயேச்சைகளாகவே கருதப்பட்டனர். உதயசூரியன் சின்னம் அக்கட்சிக்கு உரியதானது அத்தேர்தலின் பின்னரே. பத்தாண்டுகளில், 1967இல், அக்கட்சியே சென்னை மாநிலத்தின் ஆட்சியைப் பெற்றது. இன்று ஏற்பில்லாத கட்சி நாளை எந்நிலை அடையும் என்பதை எவ்வரம்பும் முன்னறியாது என்பதற்கு இது சான்றாகும்.

1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை அவ்வரம்பை நிலைநிறுத்திற்று. நான்கு மாநிலங்களில் மாநிலக் கட்சியாக ஏற்புப் பெறுதல், தேசியக் கட்சியாதற்குரிய வழிகளுள் ஒன்று. முதற் பொதுத்தேர்தலுக்குப்பின் எஞ்சிய நான்கனுள் ஒன்றான இந்தியப் பொதுவுடைமைக் கட்சி, 2023 ஏப்ரலில் தேசியக் கட்சி என்னும் தகுதியை இழந்தது. ஐரோப்பாவின் ‘நான்கில் ஒரு பங்கு நாடுகள்’ என்னும் விதியும் இதுவும் ஓரினத்தன. ஒரு வாக்கு எத்தனை பேருடையது என்பதோடு, அது எங்கே அளிக்கப்பட்டது என்பதையும் இரண்டும் எடை போடுகின்றன.

பணத்தைப் பற்றிய கவலை இந்நிலப்பகுதியோடு தொடர்புடைய ஒருவரிடமே வலுவாக எழுந்தது. சேலம் நகராட்சித் தலைவராக விளங்கியவரும், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவியவருமான இராசாசி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழில்களை நாட்டுடைமையாக்க விரும்பாத அவர், தேர்தலே முதற்கண் நாட்டுடைமையாக வேண்டியது என வாதிட்டார். 1998இல் அமைந்த இந்திரசித்து குப்தா குழு, அரசு உதவி வழங்கத்தக்கதே எனவும், அதனைப் பணமாக அன்றிப் பொருளாகவே வழங்குக எனவும், ஏற்புப் பெற்ற கட்சிகளுக்கே வழங்குக எனவும் பரிந்துரைத்தது. அவ்வாண்டே தேர்தல் ஆணையம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரம் பங்கிடும் முறையை வகுத்தது. சட்டமன்றத் தேர்தலில் ஏற்புப் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும் அடிப்படையாக 45 நிமிடம். மேற்கொண்டு, முன்தேர்தலில் பெற்ற வாக்கிற்கேற்ற நேரம். இடத்தை விடுத்து வாக்கையே அளவாகக் கொண்டமையால் இம்முறை ஐரோப்பிய முறையினும் செம்மையுடையது என்பது எம் துணிபு.

பொதுப்பணம் மறைமுகமாகவும் செல்கின்றது. கட்சிக்கு அளித்த நன்கொடை முழுவதையும் வரிக்குரிய வருமானத்தினின்றும் கழித்துக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. 30 விழுக்காடு வரி செலுத்தும் ஒருவர் அச்சலுகையைக் கொண்டு 100 ரூபாய் அளிப்பின், அதில் 30 ரூபாய் கருவூலம் இழந்த பணமாம். அப்பணம் எக்கட்சிக்குச் செல்க என உரைப்பவர் அச்செல்வரே. வருமானவரி வரம்பிற்குட்படாத நெசவாளர்க்கு அவ்வுரிமை இல்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரமுறையும் வரிச்சலுகையோடு கூடியதே. 1 விழுக்காட்டு வாக்கும் பெறாத கட்சிகளை அது விலக்கிற்று. கொடுத்தவர் பெயரையும் மறைத்தது. உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதனைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

வரம்பு நீங்கின் போலிக் கட்சிகள் பெருகும் என்பர். தேர்தலில் நில்லாத 334 கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலினின்றும் நீக்கியமை அவ்வச்சம் பொருளற்றதன்று எனக் காட்டும். ஆயின் உதவி, பெற்ற வாக்கின் அளவாக மட்டும் செல்லுமாயின், வாக்கில்லாப் போலிக்கு ஊதியம் இல்லை. எனவே தொடக்கநிலைக் கட்சிகளுக்குச் சிறிய சமப்பங்கும், எஞ்சியது வாக்கு வழியும், அளவுகோலை வகுக்க அவையில் அமர்ந்தோரல்லாத ஓர் அமைப்பும் வேண்டும் என யாம் கருதுகின்றோம். வெண்ணந்தூர் வாக்காளர் ஒருவர் பல மாநிலக் கட்சிக்கு வாக்களிப்பினும், ஒரு மாநிலக் கட்சிக்கு வாக்களிப்பினும், அவ்வாக்கைத் தொடர்ந்து செல்லும் பொதுப்பணம் ஒரே அளவினதாதல் வேண்டும். அதுவே நடுவுநிலைக்கு உரைகல்லாம்.