வைத்தியசாலையும் வீட்டு வாசலும்

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வது பழைய வழக்கம். சுகாதார சேவை மக்களின் வாசலைத் தேடிச் சென்றமை நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு புதுமை. 1926ஆம் ஆண்டில், ரொக்பெல்லர் தாபனத்தின் உதவியுடன், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரியும், அவர்கீழ்த் தாதியரும் மருத்துவமாதரும் பரிசோதகரும், குறித்த எல்லைக்குள் வாழ்ந்த ஜனங்கள் அனைவருக்கும் பொறுப்பாயினர்.

இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டுக்குச் செல்கிறார். ஆபத்தின் குறி கண்டால் நிபுணரிடம் அனுப்புகிறார். பிரசவித்துத் திரும்பிய தாயை மீண்டும் வீட்டிலே காண்கிறார். 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேலிருந்த தாய்மார் மரணம், 2019இல் ஏறக்குறைய 30 ஆகக் குறைந்ததற்கு இவ்விணைப்பும் ஒரு காரணமாகும்.

ஆனால், நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் வருந்தும் முதியோர் பலருக்கு இத்தகைய இணைப்பு இன்னும் வாய்க்கவில்லை. அவர்கள் அயலிலுள்ள சிறிய வைத்தியசாலையைக் கடந்து சென்று, விடியுமுன்னரே பெரிய வைத்தியசாலையில் வரிசையில் நிற்கின்றனர். அங்கே நிபுணர் கண்டறிந்தது கிராமத்து வைத்தியருக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

தாய்க்குச் செய்ததைப் பாட்டனுக்கும் செய்தல் இயலாதா? இதற்குப் புதிய மாளிகைகள் வேண்டியதில்லை. நிபுணர் கிராமத்து வைத்தியருக்கு எழுதும் ஒரு கடிதத்திலிருந்தே தொடங்கலாம். எல்லைக்குள் வாழும் ஒவ்வொருவருக்கும் ஒருவர் பொறுப்பாயிருத்தல் வேண்டும் என்பதே களுத்துறை கற்பித்த பாடம்.