இண்டூரும் ஊர்ப்பொது நிலமும்

தருமபுரியினின்று பென்னாகரம் நோக்கிச் செல்லும் சாலையிலுள்ள இண்டூர், நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பூர்வீக வாசஸ்தலமாகும். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைந்த சாலையோரப் புன்செய்களில் வண்ணக்கல் நட்டு மனைகளாக விற்பது இந்நாளில் தருமபுரிச் சீமையெங்கும் காணப்படும் காட்சியாய்விட்டது. இதனைத் தடுக்க வேண்டுமென்று சிலரும், தடுப்பது மூடத்தனமென்று சிலரும் நம்மிடை வாதிடுகின்றனர். இருதிறத்தாரும் ஊரென்பது யாது, அதில் எவ்வளவு தனியாருடையது, எவ்வளவு பொதுவினது என்பதன் சரித்திரத்தை ஆராய்ந்தாரில்லை. ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுந்தோம்.

இச்சீமைக்குப் பழம்பெயர் தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை நம் சிறுவரும் அறிவர். ஆயினும் அரசர் கதையினும் நம் விஷயத்திற்கு நெருங்கிய சாக்ஷி நடுகற்களே. இம்மாவட்டத்தில் இவை ஏராளமாகக் கிடைத்துள்ளன. சிலவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்திற் காணலாம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் போரில் உயிர் துறந்தவருக்கு எடுத்த கற்கள் அவற்றுட் பல. மாடே செல்வமாயிருந்த நாட்டில் மேய்ச்சல் நிலமே ஊரின் உயிர். அது ஒருவனுக்குச் சொந்தமாயிருந்ததில்லை.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களும் இதனையே காட்டும். முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த சாஸனங்களில் ஊர்களின் நிலத்தை அளந்து கூறுங்கால், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியன வரி விதிக்கத்தக்க நிலத்தினின்றும் நீக்கிக் கணக்கிடப்பட்டுள்ளன. உத்தரமேரூர்ச் சபையார் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியமும் தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியமும் தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் எழுதி வைத்தனர். தகடூர் நாட்டு வறண்ட ஊர்களில் அத்தகைய பிராமண சபைகள் இருந்தனவென்று நாம் சொல்லவில்லை. ஊர்ப்பொது என்பதைக் காக்கத் தனி ஆளும் தனி விதியும் வேண்டுமென்பதை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் உணர்ந்திருந்தனரென்பதே நம் கருத்து.

இனி நம் பத்திரங்களின் பிறப்பைக் கூறுவோம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமஹாலைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவர் அதன் நிர்வாகத்தை ஏற்றார். அவர்கீழ் உதவியாயிருந்தவரே பிற்காலத்தில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ. 1799 வரையில் தருமபுரிப் பக்கத்திற் பணியாற்றிய மன்றோ, தாம் வளர்த்த தோட்டத்தை விட்டுக் கன்னட தேசத்துக்குப் போக நேர்ந்ததற்காக வருந்தினாரென்பர். இவ்விருவரும் குடியானவனோடு நேரே தீர்வை பேசிய முறைதான் பின்னர் ரயத்துவாரி என்று பெயர் பெற்று மாகாணமெங்கும் பரவிற்று. ஆகவே பட்டா என்னும் சொல்லின் இன்றைய பொருளுக்கு நம் சீமையே தொட்டில் எனின் மிகையாகாது.

இம்முறையால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. குடியானவனுக்கு நிலத்தின்மேல் உறுதியான உரிமை பிறந்தது நன்மை. ஆனால் தீர்வையில்லாத ஏரி, ஓடை, மந்தைவெளி, களம், வண்டிப்பாதை யாவும் புறம்போக்கு என்னும் தலைப்பின்கீழ் ஸர்க்காரின் சொத்தாயின. ஊராரின் பொறுப்பு நழுவிற்று. பொதுவென்பது ‘யாருடையதும் அன்று’ என்று சிலர்க்குத் தோன்றலாயிற்று. 1905-ம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டம் பிறந்ததே, அதற்குள் ஆக்கிரமிப்பு எவ்வளவு மலிந்துவிட்டதென்பதற்கு அத்தாக்ஷி. பொதுநிலத்தை நாளும் கண்ணுற்றிருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளும் 1980-ல் ஒழிந்தன. அவர்களிடம் குறைகள் பல இருந்தன. ஆயினும் எந்த வேலி எத்தனை முழம் நகர்ந்ததென்பது அவர்களுக்கு மனப்பாடம்.

பொதுநிலம் மனையானால் என்னாகும் என்பதற்குச் சென்னைப் பட்டணமே உதாரணம். மாம்பலத்தை அடுத்து நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நெடுந்தூரம் கிடந்த ‘லாங் டாங்க்’ என்னும் ஏரியில் வெள்ளைக்காரர் படகுப் பந்தயம் விட்ட காலமுண்டு. 1920-ம் ஆண்டின் நகர அமைப்புச் சட்டம் வந்த பின்னர், 1923 முதலாக அவ்வேரியின் பெரும்பகுதியை வடித்து வீட்டுமனையாக்கித் தியாகராய நகர் அமைத்தனர். அகன்ற தெருக்கள், நடுவே பனகல் பூங்கா எனத் திட்டமிட்டே கட்டினார்கள். அதில் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களின் முயற்சியை நாம் குறைத்துப் பேசோம். எஞ்சியிருந்த பகுதியும் 1970-களில் தூர்ந்து, வள்ளுவர் கோட்டம் அதன்மேல் எழுந்தது. ஏரி போனபின் மழைநீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் அந்நகரத்தார் அதனை நேரிற் கண்டனர். திட்டமிட்டுக் கட்டிய இடத்திற்கே இக்கதியாயின், ஓடை மறித்துத் தரகர் பிரிக்கும் மனைகளின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் சீமையிலேயே வேறொரு பாடம் உண்டு. மொரப்பூரினின்று தருமபுரிக்கு 1906-ல் குறுகிய இருப்புப்பாதை திறந்து, 1913-ல் ஓசூர் வரை நீட்டி, யுத்த காலத்தில் 1941-ல் எடுத்துவிட்டனர். அப்பாதையை மீண்டும் இட 2019-ல் அடிக்கல் நாட்டினர். பழைய வழியின் பகுதிகளிற் கட்டடங்கள் எழுந்திருந்தமையால், ஒரு காலத்தில் கையிலிருந்த நிலத்தையே புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலும் இவ்வாறே. 1865-ல் ஏற்பட்ட பொதுவெளிக் காப்புச் சங்கத்தார் வழக்காடிப் போராடியதன் பயனாக, லண்டனுக்கருகிலுள்ள எப்பிங் காடு 1878-ல் சட்டத்தால் காக்கப்பட்டது. நம் நாட்டில் 2011 ஜனவரி 28-ல் சுப்ரீம் கோர்ட்டார், பஞ்சாபில் ரோஹர் ஜாகீர் என்னும் கிராமத்துக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர் வழக்கில், கிராமப் பொதுநிலத்தை மீட்க எல்லா ராஜ்யங்களும் திட்டம் வகுக்கும்படி உத்தரவிட்டனர். நிலமற்ற கூலிகளுக்கோ தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கோ ஸர்க்கார் அளித்த குத்தகை, முன்னரே நடக்கும் பள்ளிக்கூடம் முதலியவற்றிற்கு மாத்திரம் விலக்குக் கூறினர்.

இவ்விலக்கை நம்மவர் ஊன்றி நோக்கல் வேண்டும். ‘கிராமத்தின் இயல்பு கெடக்கூடாது’ என்னும் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு, ஏழைகட்கு ஸர்க்கார் தரும் வீட்டுமனையை எதிர்க்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அஃது ஊர்க்காப்பு அன்று. நம் முன்னோர் ஊரென்றும் சேரியென்றும் இட்ட கோட்டை மறுபடி இடுதலேயாம். பத்து ஏக்கரில் மனை பிரித்துப் பட்டணத்தாருக்கு விற்பவரை வாழ்த்திவிட்டு, மூன்று சென்ட் கேட்பவனை வைவது என்ன நியாயம்?

விற்பவர் யார் என்பதையும் மறைக்கலாகாது. நம்மவரே விற்கின்றனர். பாகம் பிரிந்து நிலம் துண்டாயிற்று. கிணறு ஆழ்ந்து வற்றிற்று. பெண்ணின் கலியாணக் கடன் வட்டியோடு நிற்கிறது. தருமபுரியை அடுத்துச் சிப்காட் தொழிற்பூங்கா வருமென்ற பேச்சால் நிலத்தின் விலையும் ஏறிற்று. இந்நிலையில் ‘விற்காதே’ என்று சங்கம் உபதேசிப்பது வீண். விற்குங்கால் ஓடையும் வண்டிப்பாதையும் மனைக்குள் அகப்படாதவாறு பார்ப்பது மட்டும் நம்மால் ஆகக்கூடியது.

அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் கிராமங்களையும் தொடும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்தல் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டார் தடை விதித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் ஏற்பட்டவற்றை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. ஏரிகட்கு 2007-ம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. பெரிய மனைப்பிரிவில் பத்திலொரு பங்கு பொதுவெளியாக விடப்படல் வேண்டும். அப்பங்கு பூங்காவாயிருக்கிறதா, கிரயமாய்விட்டதா என்று பார்ப்பார்தான் அரியர்.

ஆகவே இண்டூர் அன்பர்கள் முதற்கண் செய்யத்தக்கது, தங்கள் கிராமத்து ‘அ’ பதிவேட்டின் நகலையும் புல வரைபடங்களையும் பெற்று, ஏரி, ஓடை, பாதை, மந்தை ஆகியவற்றின் சர்வே எண்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்வதே. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களிற் கூடும். அத்தாளை அங்கே சபையார்முன் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவிக்கலாம். நகல் ஒன்றை நம் காரியாலயத்திற்கு அனுப்புவோர்க்கு அதனைப் பத்திரமாய் வைத்துக் காக்கச் சித்தமாயிருக்கிறோம்.