மெர்போக் ஆறும் தோட்டத்துக் கழிவுநீரும்: ஒரு வரலாற்று நோக்கு

கடற்கரை மாசு என்றவுடன் திரங்கானுவின் ரந்தாவ் அபாங் போன்ற, ஆமைகள் முட்டையிடும் மணற்பரப்புகளே நம் நினைவுக்கு வருகின்றன. கெடாவின் பெருநிலக் கரையோ பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடும் நிறைந்தது. அங்குக் கடலோர நீரின் வரலாற்றை ஆறுகளின் வழியாகவே அறிய வேண்டியுள்ளது. அவற்றுள் மெர்போக் ஆற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் எச்சங்களாலும், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் கடாரத்தோடு இப்பகுதியை இணைத்துக் காணும் ஆய்வுகளாலும் மெர்போக் ஆறு தமிழாய்வாளர்க்கு அறிமுகமானது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வாழ்வோடு இவ்வாற்றுப் படுகைக்கிருந்த உறவு போதிய கவனம் பெறவில்லை.

இரப்பர்ப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பார்மிக் அமிலத்தால் பாலை உறையச் செய்தபின் வடியும் நீரில் புரதமும் சர்க்கரையும் கலந்திருக்கும். அது ஆற்றில் சேர்ந்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடுகின்றன; மீன்கள் மடிகின்றன. செம்பனை ஆலைக் கழிவோ இதனினும் கடுமையானது. சுத்திகரிக்கப்படாத அக்கழிவின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். இது வீட்டுக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு மிகுதி.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் தொடர்ந்து 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. நீர்நிலைகளில் விடப்படும் செம்பனைக் கழிவின் உயிர்வளித் தேவைக்கு 1978இல் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 ஆயிற்று. இது குறிப்பிடத்தக்க சாதனையே. எனினும், மலாயாவில் இரப்பர்த் தோட்டத் தொழில் பரவி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இக்கட்டுப்பாடு வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆற்றின் மேற்பகுதியில் தோட்டத் தொழிலாளர். கழிமுகத்தில், இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் அலையாத்திக் காட்டை நம்பிய மீனவர். ஆலையின் கழிவுநீரை எங்கு விடுவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இவ்விரு சாராரிடமும் இருக்கவில்லை. தோட்ட வரலாற்றைத் தமிழர் வரலாறாகவும் கடலோர வரலாற்றை மலாய் மீனவர் வரலாறாகவும் பிரித்தே எழுதும்போது, இரண்டையும் இணைத்த ஆறு விடுபட்டுப் போகிறது.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். கூலி, கல்வி, கோயில் ஆகியன குறித்து முதியோரிடம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் நம் மாணவர்கள், குளித்த ஓடை, குடித்த நீர், அந்நீரின் நிறம், மணம் ஆகியவற்றையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அத்தலைமுறை மறையுமுன் செய்யத்தக்க பணி இது.