த்ரீ-நொட்-த்ரீ: பழைய துவக்கும் அதற்குரிய ரவையும்

1980களின் தொடக்கத்தில் வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு, பொலிசாரின் தோளில் தொங்கிய அந்த நீண்ட மரப்பிடித் துவக்கு நினைவிருக்கும். எங்கள் சனம் அதை ‘த்ரீ-நொட்-த்ரீ’ என்று அழைத்தது. அதன் முறையான பெயர் லீ-என்பீல்ட். 1895இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் துவக்கு, இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டு, பிரித்தானியா ஆண்ட நாடுகள் எங்கும் பரவியது.

போர் முடிந்தபின் கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் மிஞ்சிய துவக்குகள் பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. வேட்டைக்கும் இலக்குச் சூட்டுப் பயிற்சிக்கும் அவற்றை வாங்கியவர்கள் இன்று ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அலுமாரியில் இருந்த துவக்கும், அதோடு ஒரு பெட்டி பழைய ரவைகளும் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. ‘இதற்கு எந்த ரவை?’ என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது.

எங்களில் பலர் இப்போது அந்த நாடுகளில்தான் வாழ்கிறோம். ஊரில் இருப்பவர்களோ இன்றும் மண்ணுக்குள் இருந்து ரவைகளைக் கண்டெடுக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கான பதில் இரு பகுதியினருக்கும் தேவையானது.

ஒரே எண், வேறு வேறு ரவை

ரவையின் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. போர்க்காலத்தில் நாங்கள் அடிக்கடி கேட்ட 7.62 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். ரி-56 துவக்கின் ரவை 7.62×39. 1987இல் வந்த இந்தியப் படையின் கையிலிருந்த எஸ்.எல்.ஆர் துவக்கின் ரவை 7.62×51. பி.கே இயந்திரத் துவக்கின் ரவை 7.62×54. முதலாவது எண் குழலின் விட்டத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண் கோதின் நீளம். இரண்டும் மில்லிமீற்றரில் சொல்லப்படுகின்றன. மூன்றும் ‘7.62’ என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது.

.303 என்பது அங்குலத்தில் சொல்லப்படும் அளவு. மில்லிமீற்றரில் அது 7.7. கோதின் நீளம் 56 மில்லிமீற்றர்; அடியில் வெளியே துருத்தும் விளிம்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் யப்பானியத் தரைப்படையின் அரிசாகா துவக்கும் 7.7 என்றே அழைக்கப்பட்டது. ஆனால் அதன் ரவை 58 மில்லிமீற்றர் கோதைக் கொண்ட வேறொன்று. அதேவேளை யப்பானியக் கடற்படையின் 7.7 இயந்திரத் துவக்கு ஒன்று, பிரித்தானிய .303 ரவையின் நேர்ப்பிரதியைப் பாவித்தது. ஒரே நாட்டின் இரு படைகளிலேயே இந்த வித்தியாசம் இருந்தது.

துவக்கு என்ன சொல்கிறது?

தோற்றத்தைப் பார்த்து ‘இது .303தான்’ என்று சொல்வது ஆபத்தானது. இதற்கு மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்யப்பட்ட 2ஏ, 2ஏ1 துவக்குகள். பார்வைக்கு அவை பழைய லீ-என்பீல்ட் போலவே இருக்கும். ஆனால் .303 ரவைக்காக அல்ல, 7.62×51 ரவைக்காகவே செய்யப்பட்டவை. அவற்றின் ரவைக்கூடு சதுர வடிவில் இருக்கும்; .303 துவக்கின் ரவைக்கூட்டு அடிப்பகுதி சரிவாக இருக்கும்.

இரண்டாவது, பி-14, எம்-1917 என்ற இரட்டையர். முதலாவது .303, மற்றது.30-06 என்ற அமெரிக்க ரவைக்குரியது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய உள்ளூர்க் காவல் படைக்கு எம்-1917 வழங்கப்பட்டபோது, யாரும் தவறி .303 ரவையைப் போட்டுவிடாதபடி துவக்கைச் சுற்றிச் சிவப்புப் பட்டி பூசினார்கள். ஆயுதங்களோடு பழகிய படையினருக்கே அந்த அடையாளம் தேவைப்பட்டது.

மூன்றாவது, பின்னாளில் மாற்றியமைக்கப்பட்டவை. அவுஸ்திரேலியாவில் .303 கோதின் வாயை ஒடுக்கி .303/25 என்ற ரவையைச் செய்தார்கள். பழைய இராணுவத் துவக்குகளுக்கு அந்த அளவில் புதிய குழல் பொருத்தினார்கள். உடலில் பழைய முத்திரை அப்படியே இருக்கும். குழல் வேறாக இருக்கும்.

ஆகவே மரபுரிமையாகத் துவக்கைப் பெற்றவர் முதலில் செய்யவேண்டியது, அதில் ரவை இல்லை என்பதை உறுதிசெய்து, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் காட்டுவதே. அவர் குழலிலும் உடலிலும் உள்ள முத்திரைகளை வாசிப்பார். சந்தேகம் இருந்தால் ரவை அமரும் அறைக்குள் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகத்தை வார்த்து, அச்செடுத்து அளந்து பார்ப்பார். போல்ட்டில் உள்ள தொடர் எண் துவக்கின் உடலில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார். வேறு துவக்கின் போல்ட் மாட்டியிருந்தால், ரவையின் அடிக்கும் போல்ட்டுக்கும் இடையில் இடைவெளி கூடிவிடலாம். சுடும்போது கோது பிளந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

பெட்டியில் இருக்கும் பழைய ரவைகள்

துவக்கோடு சேர்ந்து வரும் ரவைகள் அதற்குரியவை என்று எண்ணுவது இயல்பு. அவை அந்தத் துவக்குக்குள் சரியாக அமரவும் கூடும். ஆனாலும் பாவிக்கத் தகுந்தவை என்று ஆகிவிடாது.

இராணுவ ரவையின் அடியில் செய்த இடமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1910இல் அறிமுகமான மார்க் 7 என்ற வகைதான் இரண்டு உலகப் போர்களிலும் பெருமளவு பயன்பட்டது. அதன் சன்னத்தின் எடை 11.3 கிராம். பிரித்தானிய ரவைகளில், ஊசி குத்தும் சிறு மூடியைச் சுற்றிப் பூசப்பட்ட நிறமும் செய்தி சொல்லும். ஊதா என்றால் சாதாரண ரவை. சிவப்பு, ஒளிகாட்டிச் செல்வது. பச்சை, கவசத்தைத் துளைப்பது. நீலம், தீமூட்டுவது. பூச்சு அழிந்துபோயிருந்தால் உள்ளே இருப்பது என்னவென்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பழைய ரவைகளில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அந்தக் கால மூடிகளில் இருந்த இரசாயனம், சுட்டபின் குழலில் உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் அதைக் கரைக்காது. அதனால்தான் பிரித்தானியச் சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். அடுத்தது, தாமதித்து வெடித்தல். விசையை இழுத்தவுடன் சத்தம் வராமல், சற்றுப் பிந்தி வெடிக்கலாம். ‘வெடிக்கவில்லை’ என்று உடனே போல்ட்டைத் திறப்பவரின் கைக்குள்ளேயே அது வெடிக்கும். இலக்குத் திடலில் இப்படி நேர்ந்தால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருக்கவேண்டும்.

கோதில் பச்சைப் பாசி போன்ற படிவு, வெடிப்பு, ஆடும் சன்னம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதைச் சுடக்கூடாது. கழற்றிப் பார்க்கவும் கூடாது. பொலிசிடமோ அனுமதி பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால்

.303 ரவை இன்றும் உற்பத்தியாகிறது. செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் அன்ட் பெல்லோ ஆகிய நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. இலக்குச் சூட்டுக்கு முழுதும் உலோக உறையிட்ட சன்னம் போதும்.

வேட்டைக்கு விதி வேறு. சன்னம் உடலுக்குள் விரிய வேண்டும். இல்லையேல் விலங்கு காயத்தோடு ஓடிச் சாகும். இங்கிலாந்தில் றைபிளால் மான் வேட்டையாடுவோர் விரியும் சன்னத்தையே பாவிக்கவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் 1899 ஹேக் பிரகடனம் இதே வகைச் சன்னத்தைப் போரில் தடைசெய்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையில் இந்த .303 துவக்குக்காகச் செய்யப்பட்ட சன்னத்தால்தான் ‘டம்டம்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

சட்டம்

அனுமதி ஆளுக்குரியது. துவக்கோடு சேர்ந்து பிள்ளைக்குப் போகாது. கனடாவில் துவக்கை மரபுரிமையாகப் பெறவும் ரவை வாங்கவும் தனியான அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரித்தானியாவில் வழங்கப்படும் சான்றிதழில் எந்தத் துவக்கு, எத்தனை ரவை என்பதும் எழுதப்பட்டிருக்கும். இறந்தவரின் வீட்டில் துவக்கு கிடைத்தால், அதைக் காரில் எடுத்துச் செல்வதற்கு முன் பொலிசுக்கு அழைத்துக் கேட்பதே நல்லது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பயிர்க் காவலுக்கான துவக்காக இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும்.

எங்கள் நிலத்தில் கிடைப்பவை

கிணறு இறைக்கும்போதும் தோட்டம் கொத்தும்போதும் ரவைகள் இன்னமும் கிடைக்கின்றன. 2017இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது; அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. பித்தளைக்காகக் கோதைப் பிரிப்பது, பிள்ளைகள் விளையாட எடுப்பது, நினைவாக வீட்டில் வைப்பது எல்லாமே உயிருக்கும் கைக்கும் ஆபத்து. எங்கள் பகுதிகளில் ஒரு ரவையை வைத்திருப்பதே விசாரணைக்கும் வழிவகுக்கலாம். தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம அலுவலருக்கோ அப்பகுதியில் வேலைசெய்யும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் ஊரில் இன்னொருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்லலாம்.