முன்னோர் வரிசையும் குடிப்பெருமையும்: மதுரை நாயக்கர் சிலைகள் முதல் பாளையக்காரர் வம்சாவளிகள் வரை

முன்னுரை

முன்னோரைப் போற்றுதல் நன்றிக்கடன் மட்டுமன்று. வாழ்வோரின் தகுதியை நிலைநாட்டும் செயலுமாகும். கொரியாவின் சோசோன் ஆட்சிக்காலத்தில் (1392–1910) உயர்குடியினர் முன்னோர் வழிபாட்டையும் ‘சோக்போ’ எனப்படும் குலவழி ஏட்டையும் தம் தகுதிக்குச் சான்றாக்கினர். இன்று கிடைப்பவற்றுள் பழமையானது ஆந்தோங் குவோன் குலத்தினர் 1476இல் தொகுத்த ஏடாகும். பிற்காலத்தில் எளிய குடியினர் சிலர் பொருள் கொடுத்து இத்தகைய ஏடுகளில் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டனர். இதே தேவை மதுரைப் பகுதியில் கல்லிலும் எழுத்திலும் வெளிப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதுமண்டபத்துச் சிலைவரிசை

பாண்டியர் செப்பேடுகள் அம்மரபைச் சந்திர குலத்தோடு இணைத்தன. விசயநகரப் பேரரசின் அலுவலராக மதுரைக்கு வந்த நாயக்கர்க்கு அத்தகைய தொன்மை இல்லை. அவர்தம் ஆட்சிமரபு விசுவநாத நாயக்கரிடம் (1529–1564) தொடங்கிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றிய திருமலை நாயக்கர் (1623–1659), மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே வசந்த விழாவிற்கெனப் புதுமண்டபத்தை எழுப்பினார். 124 தூண்கள் கொண்ட அம்மண்டபத்தின் நடுப்பகுதியில், விசுவநாதர் முதல் திருமலை வரையிலான மரபினராகக் கருதப்படும் பத்து உருவங்கள் கைகூப்பி நிற்கின்றன.

இவ்வரிசை மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, ஏறத்தாழ நூறாண்டு வரலாறே கொண்ட ஒரு மரபு, தலைமுறைகளை அடுத்தடுத்து நிறுத்தியதால் நெடுமரபாகத் தோற்றம் பெற்றது. இரண்டாவது, வரிசை பேரரசரிடம் தொடங்கவில்லை. விசயநகரத்தின் பிடியிலிருந்து திருமலை விலகிய காலத்தில், தம் குல முதல்வரையே ஆட்சியின் மூலமாகக் காட்டுவது அரசியல் பொருளுடையது. மூன்றாவது, இவ்வுருவங்கள் தெய்வங்களாக அல்லாமல் அடியவர்களாகவே நிற்கின்றன. விழாவில் இறைவனும் இறைவியும் அங்கு எழுந்தருளும்போதெல்லாம் மறைந்த முன்னோரும் தொழுவோராக உடனிருக்கின்றனர். அவ்வரிசையின் இறுதியில் தம்மையும் நிறுத்திக்கொண்டதன்வழி, முன்னோர்க்குச் செய்த சிறப்பைத் திருமலை தமக்கும் உரியதாக்கினார்.

பாளையக்காரர் வம்சாவளிகள்

கோயிலில் சிலைவரிசை அமைக்கும் வாய்ப்பில்லாத சிறு தலைவர்க்கு எழுத்தே துணையாயிற்று. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை விசுவநாதர் 72 பாளையக்காரரிடம் ஒப்படைத்தார் என்பது மரபுச் செய்தி. காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் பாளையக்காரர் வம்சாவளிகள் பல இடம்பெற்றுள்ளன. குல முதல்வன் வேற்றிடத்திலிருந்து வருதல், புலியையோ கள்வரையோ வெல்லுதல், அரசன் முன்னிலையில் வீரம் காட்டுதல், பட்டமும் விருதுகளும் நிலமும் பெறுதல் என்னும் அமைப்பு இவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. குடியின் பெருமை பிறப்பால் மட்டுமன்றி, முன்னோன் ஆற்றிய அரும்பணியாலும் அரசன் அளித்த கொடையாலும் விளைந்ததாக இவை கூறுகின்றன. கம்பெனி ஆட்சியில் பாளைய உரிமைகள் ஐயத்திற்கு உள்ளானபோது, இக்கதைகள் உரிமைக் கோரிக்கைகளாகவும் மாறின.

நீதிமன்றத்தில் முன்னோர்

ஆயினும் முன்னோர் பெருமை எப்போதும் உரிமையைத் தந்துவிடவில்லை. மதுரைக்குக் கிழக்கேயுள்ள சிவகங்கையின் ஜமீன் உரிமையைக் கம்பெனி 1801இல் கௌரி வல்லபருக்கு அளித்தது. 1829இல் அவர் இறந்தபின், ஜமீன் அவருடைய தமையன் வழியினரிடம் சென்றது. மகள் காத்தம நாச்சியார் தொடுத்த வழக்கில், அது பிரியாத குடும்பத்தின் பொதுச்சொத்தா, தந்தை தாமே ஈட்டியதா என்பதே வினாவாயிற்று. தாமே ஈட்டியது எனக் கொண்ட பிரிவி கவுன்சில் 1863இல் மகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

முடிவுரை

சிலைவரிசையும் வம்சாவளியும் தொன்மையைத் தகுதியின் அளவுகோலாக்கின. நீதிமன்றமோ உடைமை வந்த வழியையே நோக்கிற்று. ஆண்வழி முன்னோரைப் போற்றிய இச்சான்றுகளில் பெரிதும் இடம்பெறாத பெண்வழி உரிமை, சிவகங்கையில் உடைமையின் புதுமையாலேயே நிலைபெற்றது. ஆகவே முன்னோர் போற்றுதல் பற்றிய ஆய்வு, யார் நினைக்கப்பட்டனர் என்பதோடு, அந்நினைவால் யார் பயன்பெற்றனர், யார் விலக்கப்பட்டனர் என்பதையும் கருதுதல் வேண்டும்.