எழுபது வாக்கியங்கள் பிறந்த கதை

“குண்டாயிட்டியே!” இந்த ஒரு சொல் போதும், மனநல மருந்து சாப்பிடும் பிள்ளை உடற்கல்வி வகுப்புக்கு மட்டம் போட. ஓலான்சபின் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டும். மனச்சோர்வு வந்தால் உடம்பில் தெம்பே இருக்காது. 2022ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது தெரியவந்தது. பாலிக் புலாவ் பள்ளித் திடலிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். “தன்னம்பிக்கை இல்லை” என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. 1965இல் மோரிஸ் ரோசன்பர்க் 10 வாக்கியங்களில் சுயமதிப்பை அளந்தார். விடையாகக் கிடைத்தது ஒரே மதிப்பெண். 1976இல் ஷாவெல்சன், ஹப்னர், ஸ்டாண்டன் மூவரும், தன்னைப் பற்றிய எண்ணம் படிப்பு, உறவு, உணர்வு, உடல் எனக் கிளை பிரிவதாகச் சொன்னார்கள். உடலிலும் திறன் வேறு, தோற்றம் வேறு என்றார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் மார்ஷ். காட்டிலும் மலையிலும் இளையோரைப் பழக்கும் அவுட்வர்ட் பவுண்ட் இயக்கத்தின் 26 நாள் முகாமை அவரும் கேரி ரிச்சர்ட்ஸும் ஆராய்ந்தார்கள். இங்கே லூமுட்டில் பள்ளி நடத்துவதும் அதே இயக்கம்தான். முகாம் குறிவைத்த கிளைகளில் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. 18 மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. 1994இல் இருவரும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து, முக்கியமாக உடலைப் பற்றிக் கேட்கும் 70 வாக்கியங்களை வெளியிட்டார்கள். வலிமை, தாங்குதிறன், வளைவுத்தன்மை, உடற்கொழுப்பு, ஆரோக்கியம், தோற்றம் உட்பட 11 பிரிவுகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘பொய்’ முதல் ‘உண்மை’ வரை ஆறு படிகள். 2010இல் 40 வாக்கியங்களில் சுருக்க வடிவமும் வந்தது.

இந்த வாக்கியங்கள் உள்ள தாளைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று நிரப்புவதாக நினைத்துப் பாருங்கள். தோற்றத்தைக் கேட்ட இடத்திலெல்லாம் ‘பொய்’. தாங்குதிறனுக்கு வந்ததும் பேனா ‘உண்மை’ பக்கம் நகர்கிறது. டுரியான் தோட்டத்து ஏற்றங்களில் சைக்கிள் மிதித்துப் பழகிய பிள்ளை அது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இந்தத் தாள் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. நன்றாக இருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து உருவானது. ஆனாலும் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அது நமக்குக் கற்றுத்தருகிறது. எடையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, “உன்னால் எது முடிகிறது?” என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் திடலுக்கு அழைத்து வரலாம்.