வாக்கெண்ணிக்கையும் தேருநர் இடாப்பும்

1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இலங்கை மக்கள் தம் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சர்வசன வாக்கெடுப்பிற் பங்குகொண்டனர். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பதே மக்கள் முன் வைக்கப்பட்ட வினா. ஆம் என்போருக்கு விளக்கு. இல்லை என்போருக்குக் குடம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த கஹவத்தை நகரையும், அதனைச் சூழ்ந்த தேயிலை இறப்பர்த் தோட்டங்களையும் சேர்ந்தோர் இவ்விரு சின்னங்களையும் நன்கறிந்தோரே. விளக்கும் குடமும் இல்லாத லயத்து அறை ஏது? ஆயினும் ஒரே லயத்திற் சுவரொட்டி வாழ்ந்த இரு குடும்பங்களில் ஒன்றுக்கு வாக்குச் சீட்டு உண்டு, மற்றையதற்கு இல்லை என்னும் நிலை அக்காலத்தில் அங்கு இயல்பாயிருந்தது. இது பற்றிப் பின்னர் நோக்குவோம்.

விளக்கு 3,141,223 வாக்குகளையும், குடம் 2,605,983 வாக்குகளையும் பெற்றன. நூற்றுக்கு 54.66 வீதத்தினர் ஆம் என்றனர். இந்த முடிவு நேர்மையானதா என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஐயங்கொண்டோர் முதலில் நாடியது சாட்சிகளையன்று, எண்களையே. அதற்கு அரியதொரு வாய்ப்பும் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபர் 20ஆம் நாள், ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றிருந்தது. இரண்டு வாக்களிப்புக்கும் தேருநர் இடாப்பு ஒன்றே. அதிலிருந்த பெயர்கள் 8,145,015. ஒரே மக்கட்டொகுதி அறுபத்து மூன்று நாள் இடைவெளியில் இருமுறை வாக்களிக்க நேர்ந்தது, ஆய்வாளருக்குக் கிடைத்த அரும்பொருள் எனலாம்.

அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன 3,450,811 வாக்குகள் பெற்றார். ஹெக்டர் கொப்பேகடுவ முதலிய ஏனைய ஐவரும் சேர்ந்து பெற்றவை 3,071,336. டிசம்பரில் விளக்குக்கு விழுந்தவை ஜயவர்தன பெற்றவற்றிலும் 309,588 குறைவு. குடத்துக்கு விழுந்தவை எதிரணியினர் அனைவரும் பெற்றவற்றிலும் 465,353 குறைவு. அதாவது, அரசுக்கு அக்டோபரில் வாக்களித்த ஒவ்வொரு நூற்றுவருக்கும் ஈடாக டிசம்பரில் தொண்ணூற்றொரு வாக்கு விழுந்தது. எதிரணிக்கோ நூற்றுக்கு எண்பத்தைந்தே. வாக்களித்தோர் தொகை 81.06 வீதத்திலிருந்து 70.82 வீதமாக வீழ்ந்தது. அக்டோபரில் வந்து டிசம்பரில் வராதோர், நிகரக் கணக்கிற் பார்த்தால், 833,955 பேர். விளக்குக்கும் குடத்துக்கும் இடையிலான வித்தியாசமோ 535,240. வராதோர் தொகை வென்றோரின் மேலதிக வாக்குகளை விஞ்சியது.

இது மோசடிக்குச் சான்றா? அவசரப்பட்டு ஆம் என்று கூறிவிடல் ஆகாது. வராதோரெல்லாம் குடத்துக்கே வாக்களித்திருப்பர் எனக் கொள்ள நியாயமில்லை. இரு மாதங்களில் இருமுறை வரிசையில் நிற்கச் சலித்தோர் இருப்பர். ஜனாதிபதியாவார் யார் என்பதில் ஆர்வங்கொண்டு, பாராளுமன்றத்தின் ஆயுள் பற்றி அக்கறை கொள்ளாதோர் இருப்பர். மனம் மாறியோரும் இருப்பர். மற்றோர் எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். அக்டோபரில் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 80,470. டிசம்பரில் 21,456 மாத்திரமே. முன்னது நூற்றுக்கு 1.22 வீதம், பின்னது 0.37 வீதம். கள்ளத்தனமாகக் கட்டுக்கட்டாக அடையாளமிடுவோன் தவறு செய்வதில்லை. ஆதலின் நிராகரிப்புக் குறைவது ஐயத்துக்குரியது என்பர் சிலர். வாதம் கூரியதே. ஆனால், அக்டோபர்ச் சீட்டில் அறுவர் பெயர் இருந்தன. இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் எண்ணால் இடலாம். டிசம்பர்ச் சீட்டிலோ இரண்டே சின்னம், ஒரே புள்ளடி. எழுத்தறியாதவரும் அதிற் பிழைவிட வாய்ப்புக் குறைவு. ஒரே எண் குற்றவாளிக்கும் பொருந்துகிறது, நிரபராதிக்கும் பொருந்துகிறது.

எண்களைக் கொண்டு தேர்தற் களவைத் துப்பறியும் முயற்சி உலகில் இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. பழைய களவுகளுக்கு அத்துணை நுட்பம் தேவைப்படவில்லை. 1927இல் லைபீரியா நாட்டில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 15,000 பேராயிருக்க, ஜனாதிபதி சார்ல்ஸ் கிங் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதனைக் கண்டுபிடிக்கக் கூட்டல் கழித்தல் தெரிந்த சிறுவன் போதும். பின்வந்தோர் கணக்கறிந்து திருடினர்; ஆகவே துப்பறிவோரும் கணக்கை ஆழப் படிக்கவேண்டியதாயிற்று.

1881இல் சைமன் நியூகொம்ப் என்னும் வானியலறிஞர், மடக்கை அட்டவணை நூல்களின் முதற் பக்கங்கள் கடைசிப் பக்கங்களிலும் அதிகம் அழுக்கடைந்திருப்பதைக் கண்டார். ஒன்றில் தொடங்கும் எண்களையே மக்கள் மிகுதியாகத் தேடினர் என்பது அதன் பொருள். 1938இல் பிராங் பென்போட் என்பார் ஆறுகளின் பரப்பு, ஊர்களின் சனத்தொகை முதலிய பல்லாயிரம் எண்களைத் திரட்டி, இயற்கையாய் அமையும் எண்களில் நூற்றுக்கு முப்பதளவில் ஒன்றிலும், ஐந்துக்குங் குறைவாக ஒன்பதிலும் தொடங்குகின்றன என நிறுவினார். மனிதன் மனத்தாற் கற்பித்த எண்கள் இவ்வொழுங்குக்கு அடங்கா என்று கருதி, பிற்காலத்தார் இதனை வாக்கெண்ணிக்கைக்கும் பிரயோகித்தனர். ஆனால் ஒரு வாக்கெடுப்பு நிலையம் என்பது ஆறன்று; நிருவாகி வரையறுத்த பகுதி. நிலையங்கள் யாவும் ஏறக்குறைய ஓரளவினவாய் இருப்பின், அவற்றின் வாக்குத் தொகைகளும் ஓரளவினவாகவே அமையும். முதல் இலக்கம் பென்போட்டின் விதியைப் பின்பற்றாது. எனவே களவில்லாத இடத்திலும் இச்சோதனை களவென்று கூவும். 2011இல் அறிஞர் சிலர் இதனை விரிவாகவே எடுத்துக்காட்டினர்.

கடைசி இலக்கத்தை நோக்கும் சோதனை ஓரளவு நம்பத்தக்கது. தோட்டத்திற் பிறந்தோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கொழுந்து நிறுத்தெழுதும் புத்தகத்தில் எல்லா நிறையும் சுழியிலும் ஐந்திலும் முடியுமாயின், தராசு பார்த்து எழுதப்பட்டதன்று, கைபோன போக்கில் எழுதப்பட்டது என்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்ணே சொல்லிவிடுவாள். முழுப் பேருக்கும் அரைப் பேருக்கும் இடையிலுள்ள ஒரு கிலோவின் பெறுமதி அவளுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் நடைபெற்ற ரஷ்யப் பாராளுமன்றத் தேர்தலிற் பல நிலையங்களின் முடிவுகள் எழுபது, எழுபத்தைந்து, எண்பது போன்ற முழு வீதங்களிலேயே குவிந்து நின்றதை ஆய்வாளர் கண்டதும் இவ்வகையினதே. மேலிடம் கேட்ட வீதத்தைக் கீழிடம் தவறாது வழங்கியிருந்தது.

இலங்கையில் இச்சோதனைகளுக்கு ஒரு தடையுண்டு. இங்கு முடிவுகள் வாக்கெடுப்பு நிலையவாரியாக அன்றி, தொகுதிவாரியாகவே வெளியிடப்பட்டு வந்துள்ளன. ஒரு தொகுதியிற் பல நிலையங்கள். நோயுற்ற ஒரு நிலையம் நலமுற்ற பலவற்றின் நடுவே மறைந்துபோம். இதற்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவியலாது. நிலையவாரியாக முடிவு வெளிவரின், இந்தத் தோட்டத்தார் எவருக்கு வாக்களித்தனர் என்பது மறுநாளே துரைக்கும், தொழிற்சங்கத்துக்கும், அயற்கிராமத்துக்கும் தெரிந்துவிடும். இரகசியத்தைக் காப்பது வாக்காளனைக் காக்கிறது, கள்வனையும் காக்கிறது.

மேலும், நிலையவாரியான எண்கள் கிடைத்தாலும், தோட்டப்புறத்தில் அவற்றை வாசிப்பது எளிதன்று. ஒரு நிலையத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒரே சின்னத்துக்கு விழுந்திருப்பின், வெளியூர்க் கணக்கறிஞர் அதனைக் களவெனக் குறித்துக்கொள்வார். ஆனால் சங்கத்தின் தீர்மானத்தின்படி ஒரு தோட்டம் முழுவதும் ஒருமுகமாக வாக்களிப்பது மலையகத்திற் புதுமையன்று. 1982இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தனர். அதுவும் களவன்று, மக்களின் மனநிலையே. இவ்விடத்தில் எண்ணை அறிந்தாற் போதாது, ஊரை அறிந்திருத்தல் வேண்டும்.

1982இல் நடந்ததென்ன என்பதை இறுதியில் எண்கள் அல்ல, ஏடுகளே உரைத்தன. அக்காலத்தில் நாட்டில் அவசரகால நிலை அமுலில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ பத்திரிகையின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. எதிரணியின் முன்னணிப் பிரசாரகரான விஜய குமாரதுங்க தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். 1984இல் ஜேம்ஸ் மேனர் தொகுத்து வெளியிட்ட நூலில் இவ்வாக்கெடுப்பு நடத்தப்பட்ட முறை பற்றி விரிவான ஆய்வொன்று இடம்பெற்றது. தேர்தல் ஆணையாளர் சந்திரானந்த டி சில்வா 1987இல் வெளியான தம் அறிக்கையில், அச்சுறுத்தல், ஆள்மாறாட்டம், முகவர்கள் விரட்டப்பட்டமை ஆகியவற்றைப் பதிவு செய்தார். தாமே நடத்திய வாக்கெடுப்பின் குறைகளை ஓர் அரச அலுவலர் அவ்வாறு எழுதிவைத்தமை, எந்தக் கணிதச் சோதனையினும் பெறுமதியுடையது. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் முகவர்கள் துரத்தப்பட்டதும், பெட்டிகளிற் சீட்டுகள் திணிக்கப்பட்டதும் அவ்வாறே, கண்ணாற் கண்டோர் வாயிலாகவே வெளிப்பட்டன.

இனி, லயத்தில் அடுத்தடுத்த அறைகளிலிருந்த அவ்விரு குடும்பங்களுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் பெருந்திரளாக வாக்களித்தனர். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய இடங்களிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். சப்பிரகமுவவிலிருந்து அவ்வெழுவருள் ஒருவரும் இல்லை. கிராமங்களினிடையே சிதறிக்கிடந்த இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்குத் தமக்கென ஓர் உறுப்பினரை அனுப்பும் பலம் இருக்கவில்லை. எனினும் எந்த வேட்பாளரும் அவர்களை அலட்சியஞ் செய்யவியலாத அளவுக்கு வாக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்நிலையை மாற்றின. பிரசையே வாக்காளன் என்றது பின்னது. இவர்களுட் பெரும்பாலோர் பிரசைகள் அல்லர் என்றது முன்னது. பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற 1949இல் வேறொரு சட்டம் வழிவகுத்தது. அதன்கீழ் ஏறத்தாழ 825,000 பேர் விண்ணப்பங்களில் அடங்கினர். ஏறத்தாழ 134,000 பேருக்கே அது கிட்டியது.

இச்சட்டங்களை நீதிமன்றில் எதிர்த்த வழக்குச் சப்பிரகமுவ மண்ணிலிருந்தே எழுந்தது. கேகாலை மாவட்டத்தின் றுவான்வெல்லத் தொகுதி இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை என்பார் விண்ணப்பித்தார். பதிவு அலுவலர் முதநாயக்க மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரம், சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறாக ஒரு சமூகத்தைப் பாதிப்பதால் அச்சட்டங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்து, பெயரைச் சேர்க்கப் பணித்தார். ஒரு தொகுதியின் இடாப்பைத் திருத்த அமர்ந்த அலுவலர், பாராளுமன்றச் சட்டத்தையே செல்லாது என்றுரைத்த அத்துணிவு வியக்கத்தக்கது. உயர் நீதிமன்றம் 1951இல் அக்கட்டளையை நீக்கியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும், தன் பிரசைகள் யாவர் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்குரிய உரிமையே எனக் கூறி, மேன்முறையீட்டைத் தள்ளியது.

இதற்கிடையில் 1952 மேயிற் பொதுத் தேர்தல் வந்தது. முதல் இலக்கத்தையோ கடைசி இலக்கத்தையோ எத்துணை ஆராய்ந்தாலும், தோட்டங்களில் நிகழ்ந்தது அத்தேர்தலின் எண்களிற் புலப்படாது. பெட்டியுள் இடப்பட்ட சீட்டுகளை மாத்திரமே எண்ணிக்கை அறியும். பெட்டியருகே செல்லவும் உரிமையற்றுப் போனோரை அது அறியாது. முன்னைய எழுவரின் காங்கிரசுக்கு அந்தப் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

முப்பதாண்டுகளின் பின் வந்த 1982இன் இடாப்பிலும் அவ்வெற்றிடம் நிரம்பியிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என விட்டது. பங்கீடு கடிதத்தில் விரைந்தது, தோட்டத்தில் ஊர்ந்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 1986இலும், 1988இலும், 2003இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. 81.06, 70.82 என்னும் வீதங்கள் இடாப்பிலிருந்தோரை வகுத்துக் கண்டவை. அடுத்த அறையிலிருந்த மற்றக் குடும்பம் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை.

கஹவத்தையின் பெயர் தேர்தல் வரலாற்றில் நாடறிய இடம்பெற்றது 2015இல். ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று நாட்களுக்கு முன், ஜனவரி 5ஆம் நாள் விடியற்போதில், எதிரணிப் பொது வேட்பாளரின் கூட்டத்துக்காக நகரில் மேடை அமைத்துக்கொண்டிருந்தோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது. காயமுற்றோரில் ஒருவர் உயிர் துறந்தார். 8ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. எண்ணிக்கை முற்றாக முடியுமுன்னரே, மறுநாட் காலையிற் பதவியிலிருந்த ஜனாதிபதி தோல்வியை ஏற்று அலரி மாளிகையை விட்டு நீங்கினார். வாக்குகள் நேர்மையாக எண்ணப்பட்டன என்பதில் இரு தரப்பாரும் உடன்பட்டனர். மேடை அமைக்கச் சென்று மடிந்தவரின் பெயர் அவ்வாண்டின் இடாப்பில் இருந்திருப்பின், வாக்களிக்க வராதோருள் ஒருவராகவே அது கணக்கிடப்பட்டிருக்கும்.